பசுந்தாங் ஓடையும் இரண்டு மூக்குக்கண்ணாடிகளும்

கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பர்மியப் பெண் ஒருவர் அக்குளில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்து காய்ந்து வெளுத்திருந்தது. பலகையைச் சுற்றியிருந்த பழைய துணியை அவிழ்த்து, அதை எங்கள் அலமாரிமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"சயா, இதைப் பாத்து சொல்லுங்க. இதை வரைஞ்சவருக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, இல்லையா?"

சயா என்றால் வாத்தியார். ரங்கூனில் கண்ணாடி பொருத்துகிறவன், பல் பிடுங்குகிறவன், மோட்டார் ரிப்பேர் செய்கிறவன் எல்லோரும் சயாதான். ஆனால் கண்ணைக் கொண்டுவராமல் கண்ணைப் பற்றி விசாரித்தவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

குனிந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. விரல்நுனி அகலத்தில் சாயத் தீற்றல்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல், பலகை முழுக்க. நடுநடுவே பலகையின் மரமே வெறுமையாகத் தெரிந்தது. சாயம் அவ்வளவு கனமாக அப்பியிருந்ததால் ஒவ்வொரு தீற்றலுக்கும் கீழே ஒரு சின்ன நிழல் விழுந்தது.

கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம். வாசற்படி இறங்கி, நடைபாதையில் வந்த ஒரு சீனரை இடித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, டிராம் தண்டவாளத்தின் ஓரம்வரை போய் நின்று திரும்பிப் பார்த்தேன்.

கடைக்குள்ளே பசுந்தாங் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் அரிசி மில்லின் தகரக்கூரை. உமி எரியும் புகை. இரண்டு சம்பான் படகுகள். தண்ணீர் அசைவதுபோலவே இருந்தது. அது அசைகிறது என்று நம்பி நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் சரியில்லை. ஓடை, கூரை, புகை, வானம் எல்லாமே தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல இருந்தன.

மா தின் சொன்னது

அவர் பெயர் மா தின். வரைந்தவர் அவருடைய கணவர் தேவசகாயம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பெரிய யுத்தத்தின்போது கூலிப் படையோடு கணக்கெழுதும் வேலைக்குப் பிரான்ஸ் தேசம் போய்வந்தவர். மில்களுக்கும் லாஞ்சுப் படகுகளுக்கும் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் ஓடையை வரைவது.

ஒரு மில் முதலாளி தன் மில்லைப் படமாக வரைந்துதரச் சொல்லியிருக்கிறார். படம் போன வேகத்தில் திரும்பி வந்தது. என் மில்லுக்கு யார் தீ வைத்தது என்று கேட்டாராம். அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை, பிரான்ஸில் இப்படித்தான் வரைகிறார்கள் என்று தேவசகாயம் சொல்லிவிட்டார். மா தின்னும் அதை நம்பினார்.

நம்பிக்கை போனது வேறொரு காரணத்தால். கியாக்தான் என்ற ஊரில் மா தின்னின் அப்பா மீன் பிடிக்கிறவர். ஒருநாள் காலையில் அடுத்தவர் படகைத் தன் படகென்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். பச்சைப் படகுக்கும் நீலப் படகுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அவருக்கு முழுப் பார்வையும் போய்விட்டது.

"கோ சகாயம் போன வாரம் நீலச் சாயம் வேணும்னு பச்சைக் குப்பியை எடுத்தாரு," என்றார் மா தின், கணவர் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்து. "நான் சிரிக்கலை."

கணவரைக் கடைக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார், கேட்டாலே கோபம் வருகிறது. அதனால்தான் மா தின் படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

படத்தை வைத்துக் கண்ணைச் சொல்ல முடியாது என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி அசைந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

வட்ட எழுத்துகள்

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், கியாக்டடா பேட்டையில் இருந்தது எங்கள் கடை. முதலாளி நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதும், எந்த நம்பர் வேண்டும் என்று சோதிப்பதும் என் வேலை. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது, மூக்கில் நானும் ஒரு கண்ணாடி போட்டிருந்தேன். அது விளம்பரத்துக்காக, வெறும் கண்ணாடி.

சுவரில் தமிழ், இங்கிலீஷ், இந்துஸ்தானி என்று அட்டைகள் தொங்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று மற்றக் கடைக்காரர்கள் திண்டாடுவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பர்மிய அட்டை ஒன்றும் வைத்திருந்தோம், அந்த எழுத்துகளில் சில வெறும் வட்டம். ஒன்றுக்கு வலப்பக்கம் திறந்திருக்கும், ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. எழுத்து தெரியாவிட்டாலும் வாசல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்வேன். துறைமுகக் கூலிகள் முதல் செட்டி வீட்டு ஆச்சிகள் வரை எல்லோரும் அந்த வட்டத்துக்கு வாசல் காட்டிப் போனவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த பர்மிய அட்டையைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பசுந்தாங் டிராமில் ஏறினேன்.

ஓடைக்கரையில்

வெயில் அப்போதுதான் அக்கரை மில்களுக்குப் பின்னாலிருந்து எழும்பியது. பனி தண்ணீர்மேல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. உமிப்புகை வாசனையும் சேற்று வாசனையும் கலந்து வந்தன. ஒரு மரக்கட்டை அடுக்கின்மேல் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது இருக்கும், காக்கி அரைக்கால்சட்டை. மடியில் பலகை.

கண்ணாடிக் கடைக்காரன் என்று சொல்லாமல், படம் பார்க்க ஆசைப்பட்டு வந்தவன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான். ஏன் சாயத்தை இழுத்துத் தேய்க்காமல் துண்டு துண்டாக வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பிரான்ஸில் ஒரு ஆற்றங்கரை ஊரில் அவருடைய முகாம் இருந்ததாம். ஊருக்குள் படச்சட்டம் போடும் கடை ஒன்று. அதன் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அந்த ஆற்றையே வரைந்த ஒரு படம். ஓய்வுநாள்தோறும் போய் அதன் முன்னால் நிற்பாராம். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பச்சை ஆக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். கலக்கிற வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு. சாயத்தைத் தட்டிலேயே கலந்துவிட்டால் வெளிச்சம் செத்துப்போகும் என்று அவருக்கு அங்கே நின்றுதான் புரிந்ததாம்.

"தண்ணி படுத்துக் கிடக்கு. அதனால தீற்றலும் படுக்கணும்," என்று பன்றிமயிர்த் தூரிகையைச் சாய்த்து வைத்துக் காட்டினார். "புகை எழும்புது, தீற்றலும் எழும்பணும். கரையில சேறு வழுக்குது பாருங்க, அங்கே நானும் வழுக்கிட்டே போவேன்."

அதைக் கேட்டபிறகு நான் படத்தைப் பார்த்த விதமே மாறியது. கடையில் அசைந்தது தண்ணீர் அல்ல, அந்தப் படுத்த தீற்றல்கள். ஒவ்வொன்றும் ஒரு கையசைவு. வெயில் எங்கே விழுந்ததோ அங்கே கை வேகமாகவும், நிழலில் நிதானமாகவும் போயிருந்தது.

பேச்சுவாக்கில், எதிரே போன லாஞ்சின் பெயரைப் படிக்க முடிகிறதா என்று கேட்டேன். அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"மா தின் அனுப்பினாளா?"

ஆமாம் என்றேன். பொய்யை நீட்டிக்க வெட்கமாக இருந்தது. சட்டைக்குள்ளிருந்த அட்டையையும் எடுத்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கிப் பார்த்து, "வட்டம் நல்லா போட்டிருக்கீங்க," என்றார்.

எனக்குத் தெரிந்த ஊதா

இடக்கண்ணால் அவருக்கு மேல் வரிசை வட்டங்களுக்கே வாசல் தெரியவில்லை. வலக்கண்ணால் நான்கு வரிசை வந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். இடது கண்பாப்பாவில் புரை நன்றாக முற்றியிருந்தது. வலதிலும் தொடங்கியிருந்தது. அது வெள்ளைப் புரை அல்ல, பழுத்த மஞ்சள்.

அவர் நம்பவில்லை. எழுத்து மங்குவது வயசு, சாயத்தைப் பார்ப்பது வேறு கண் என்றார். தூரிகையில் நீலத்தையும் கொஞ்சம் சிவப்பையும் அவரே எடுத்துத் தந்து, அந்தச் சம்பானுக்குக் கீழே தண்ணீரில் உங்களுக்கு என்ன நிறம் தெரிகிறதோ அதைக் கலந்து இங்கே வையுங்கள் என்று பலகையைக் காட்டினார்.

வாழ்நாளில் தூரிகை பிடித்ததில்லை. தண்ணீர் தண்ணீர் நிறம்தான் என்று அதுவரை நினைத்திருந்தவன். உற்றுப் பார்த்தேன். படகின் அடியில் நிழல் கறுப்பாக இல்லை. நாவல்பழத்தைத் தின்ற நாக்கின் ஊதா. பனி விலகிய இடத்தில் இன்னும் வெளிறிய ஊதா. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். சாயத்தைக் குழைத்து, அவருடைய பழுப்புத் தண்ணீரில் ஒரு தீற்றல் படுக்க வைத்தேன். நெருப்புக்குச்சி கிழித்ததுபோல அது பளிச்சென்று நின்றது.

அவர் பலகையை முகத்தருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். ஈரச் சாயம் விரலில் ஒட்டியது.

"நீங்க வச்சது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலை," என்றார்.

உங்கள் படம் எனக்குத் தேயிலைச் சாயத்தில் முக்கியதுபோலத் தெரிகிறது என்றேன். அந்தத் தேயிலை நிறம் எப்போதிலிருந்து என்று கேட்டார். படங்களை வரிசையாகப் பார்த்தால் சொல்ல முடியும் என்றேன். வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் பதினெட்டுப் படங்களை நிறுத்தினோம். முதல் ஐந்தில் நீலம் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வெயில் ஏறுவதுபோல மஞ்சள் ஏறியிருந்தது. மா தின் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். தான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை.

தீற்றல்கள் பிரான்ஸிலிருந்து வந்தவை, நிறம் புரையிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் மில் முதலாளியும் தவறாகப் பார்த்தார், தேவசகாயமும் தவறாகப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி

இடக்கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இப்போது உள்ளவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியாது. அன்றைக்கு அப்படி இல்லை. கண் போய்விடும் என்று பயந்து, பார்வையில்லாமலே இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். முடிந்தபின் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, ஒரு வாரத்துக்குமேல் அசையாமல் கிடக்க வேண்டும். இருமக்கூடாது. சிரிக்கக்கூடாது. நான் போய்ப் பார்த்தபோது மா தின் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மா தின் என்னிடம் கேட்டது கண்ணைப் பற்றி அல்ல. பிழைத்துவந்த கண் முன்னைவிட நன்றாகப் பார்த்தால், அதுவரை வரைந்ததெல்லாம் கணவருக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. அதெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி பொருத்தினோம். புரை எடுத்த கண்ணுக்குத் தடித்த வில்லை வேண்டும். அதைப் போட்டால் உலகம் பெரிதாகத் தெரியும், மற்றக் கண்ணோடு ஒட்டாது, எல்லாம் இரண்டிரண்டாகும். அதனால் வலப்பக்கத்துக்குச் சொரசொரவென்று தேய்த்த பால்கண்ணாடி போட்டு அந்தக் கண்ணை மறைத்தேன்.

கடை நாற்காலியில் உட்கார்ந்து முதல்முறையாகப் போட்டுக்கொண்டார். வாசற்கால் வளைந்திருப்பதாகச் சொன்னார். தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டி, அதற்கு ஒரு சாண் இப்பால் காற்றைப் பிடித்தார். பிறகு மா தின்னின் இடுப்புத்துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த தமெயின் எப்ப வாங்கினே?"

"நீங்கதான் வாங்கித் தந்தீங்க. நாலு வருஷமாச்சு."

"இது ஊதாவா?"

மா தின் குனிந்து தன் துணியையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஊதாதான்," என்றார்.

சுரண்டிய படங்கள்

மா தின் பயந்தது நடந்தது. அடுத்த வாரமே அவர் பதட்டமாகக் கடைக்கு வந்தார். தேவசகாயம் சாயம் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மூன்று படங்கள் போய்விட்டன. நாலாவதை மா தின் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் போனபோது தரையெல்லாம் பழுப்புச் சாயச் சுருள்கள். ஊரெல்லாம் என் பொய்யைப் பார்த்துச் சிரித்திருக்கிறது என்றார் தேவசகாயம். கண் சோதிக்கிறவனுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். வலக்கண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு இன்னமும் அந்த மஞ்சள்தான் தெரியும், அது கண்ட வெயில் பொய் என்று அதை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வீர்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். இப்படி நாலைந்து முறை. பிறகு கத்தியைத் துடைத்து வைத்தார்.

இரண்டு நாளில் கடைக்கு வந்து ஒரு வேலை சொன்னார். இன்னொரு ஜோடி வேண்டும். இம்முறை பால்கண்ணாடி புதுக்கண்ணுக்கு, வலப்பக்கம் பழைய கண்ணுக்கு ஏற்ற வில்லை. மரைக்காயர் கேட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நல்லா தெரியுற கண்ணை மறைச்சுட்டுப் புரைக்கண்ணால பாக்குறதுக்கு யாராச்சும் கண்ணாடி செய்வாங்களா? நம்ம கடைப் பேரு என்னாகும்?"

கடைப் பெயரைச் சட்டத்தில் பொறிக்காமல் செய்து தருகிறேன் என்றேன். அவர் முனகிக்கொண்டே சரி என்றார். இரண்டு மதியம் குருந்தக்கல் பொடியில் தேய்த்துத் தேய்த்து அந்தப் பால்கண்ணாடியைச் செய்தேன்.

ஒரே கரை, இரண்டு பலகை

மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்ததும் அவர் தொடங்கினார். அதே மரக்கட்டை அடுக்கு, அதே காலை நேரம், ஒரே அளவில் இரண்டு பலகைகள். ஒருநாள் ஒரு கண்ணாடி, மறுநாள் மற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்காருவேன்.

எனக்கு வியப்பாக இருந்தது நிறம்கூட அல்ல, கை. புதுக்கண்ணால் வரைகிற நாளில் தீற்றல் சின்னதாக, நுனிக்கையால், கொத்துகிறதுபோல விழும். ஊதாவுக்கும் வெளிர்நீலத்துக்கும் நடுவே மரம் தெரியும். எதையும் விட்டுவிடக்கூடாது என்கிற அவசரம் அதில் இருந்தது. பழைய கண்ணால் வரைகிற நாளில் தோளிலிருந்து கை வரும். தூரிகை அகலம். ஒரு தீற்றல் ஒரு படகின் நீளம் போகும். விளிம்புகள் அந்தக் கண்ணுக்குத் தெரியாது, அதனால் மில்லும் புகையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக்கொண்டன.

முடிந்ததும் ஓடைக்கரைத் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். நீலப் படத்தில் தண்ணீரின் குளிர்ச்சி இருந்தது. மஞ்சள் படத்தில் காலை வெயிலின் கனம் இருந்தது. புதுக்கண்ணின் படம்தான் மேல் என்று சொல்லத் தயாராகப் போன நான் இரண்டுக்கும் நடுவே மாறி மாறி நடந்துகொண்டிருந்தேன். எது நிஜமான ஓடை என்று ஒருவர் கேட்டார். தேவசகாயம், வெளியே நூறு கஜம் நடந்தால் பார்க்கலாம் என்றார். சிலர் உண்மையாகவே நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி வாதாடினார்கள்.

வலக்கண்

ஒரு வருஷத்துக்குமேல் ஓடியிருக்கும். வலக்கண்ணிலும் புரை முற்றியது. டாக்டர் நாள் குறித்தார். அந்தக் கண்ணும் நன்றாகவே தேறியது, அதற்குப் பிறகு அவர் பல வருஷம் வரைந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று காலையில் எங்களுக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்த மஞ்சள் அன்றோடு முடிகிறது என்பதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கரைக்கு வர முடியுமா என்று சொல்லியனுப்பியிருந்தார். போனேன். மா தின் துணிமூட்டையோடு வந்திருந்தார். தேவசகாயம் தூரிகையோ பலகையோ கொண்டுவரவில்லை. பழைய கண்ணுக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரக்கட்டைமேல் உட்கார்ந்தார். அப்போது அந்தக் கண்ணுக்குப் பாதிதான் தெரியும்.

அக்கரையில் வெயில் எழும்பியது. நான் சம்பான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் அதைத்தான் பார்ப்பார் என்று. திரும்பியபோது அவர் ஓடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மா தின்னின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்து, கன்னத்துச் சாந்து பொன்போலத் தெரிந்தது. எனக்கே அப்படித் தெரிந்ததென்றால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்.

மா தின்னுக்குக் கூச்சம். "ஓடையைப் பாக்கத்தானே வந்தோம்?" என்றார்.

"ஓடையை வரைஞ்சு வச்சாச்சு," என்றார் தேவசகாயம். "நீ கொஞ்சம் அசையாம இரு."

மா தின் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் மேட்டேறி, அவர்களுக்கு ரிக்‌ஷா பிடிக்கத் தெருப் பக்கம் போனேன். வண்டி கிடைத்தபிறகும் உடனே கூப்பிடவில்லை.